நிலையான இதயத் தமனி நோய்: ஸ்டென்ட் வைக்காமல் மருந்தோடு நீண்ட காலம் இருக்கலாமா?

கேள்வி: மஞ்சக்குப்பம் மகள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். என் தந்தைக்கு வயது 64. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நெடுநாளாக இருக்கின்றன. புகைப் பழக்கத்தை ஓய்வு பெற்றபோதே விட்டுவிட்டார். சில மாதங்களாக, மாடிப்படி ஏறும்போதும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போதும் நடு நெஞ்சில் ஓர் இறுக்கம் வருகிறது. நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிடங்களில் விலகிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறைகூட வந்ததில்லை. டிரெட்மில் பரிசோதனையில் மாறுதல் தெரிந்ததால் ஆஞ்சியோ செய்தார்கள். வலது தமனியில் 80 விழுக்காடு, இடப்பக்கம் முன்புறம் இறங்கும் தமனியில் 50 விழுக்காடு அடைப்பு. இடது முதன்மைத் தமனியில் அடைப்பு இல்லை. இதயத்தின் இறைப்புத் திறன் 58 விழுக்காடு என்று அறிக்கை சொல்கிறது. சிகிச்சை தொடங்குவதற்கு முன் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 118 இருந்தது.

ஆஞ்சியோ செய்த இடத்தில், ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைக்க வேண்டும், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்கள். புதுச்சேரியில் இரண்டாவது கருத்துக் கேட்டபோது, அந்த இதய மருத்துவர், இது நிலையான வகை, முதலில் மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்ப்போம், தேவைப்பட்டால் ஸ்டென்டைப் பிறகு யோசிப்போம் என்கிறார். ஆஸ்பிரின் 75, ரோசுவாஸ்டாட்டின் 20, மெட்டோப்ரோலால், டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின் ஆகியவற்றோடு, நாக்கடியில் வைக்க ஒரு மாத்திரையும் எழுதியிருக்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும்போதே வைத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம் என்கிறார் சித்தப்பா. 80 விழுக்காடு அடைத்திருக்கிறது என்று தெரிந்தபின் எப்படி நிம்மதியாகத் தூங்குவது என்கிறார் அம்மா. ஸ்டென்ட் வைக்காமல் விட்டால் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுமா? ஐந்து, பத்து ஆண்டுகள் என்று பார்த்தால் இப்படி மருந்தோடு இருப்பவர்களின் நிலை எப்படி இருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கோரிமேடு மருத்துவர்

வணக்கம். நான் பொது மருத்துவர். இதய வல்லுநர் அல்லன். ஆனால் உங்கள் தந்தையாரைப் போன்றவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவருபவன். முதலில் அந்த "நாளைக்குள்" என்ற கெடுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓய்விலும் வலி வருபவர்களுக்கும், மாரடைப்போடு வருபவர்களுக்கும் நேரம் மிக முக்கியம். அங்கே ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது, அதில் இரண்டு கருத்து இல்லை. நடந்தால் வந்து நின்றால் போகும் வலி, பல வாரங்களாக ஒரே அளவில் இருக்குமானால், அந்த அவசரம் இதற்குப் பொருந்தாது. யோசித்து முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

உங்கள் அம்மாவின் பயத்துக்கு அடிப்படையில் ஒரு படம் இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டே வந்து ஒருநாள் முழுவதும் அடைத்துவிடுவதைப் போலத்தான் மாரடைப்பும் வருகிறது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது அப்படி வருவதில்லை. தமனிச் சுவருக்குள் கொழுப்பும் அழற்சியும் சேர்ந்த படிவின் மேலுள்ள மெல்லிய உறை திடீரென்று கிழிந்து, அந்த இடத்தில் இரத்தம் உறைவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் ஏற்படுகின்றன. அப்படிக் கிழியும் படிவுகளில் பல, முன்பு எடுத்த ஆஞ்சியோவில் பெரிதாகத் தெரியாதவை. ஆகவே 80 விழுக்காட்டு இடத்தில் வைக்கும் ஸ்டென்ட் அந்த இடத்தின் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும், நெஞ்சு இறுக்கத்தைக் குறைக்கும். மற்ற தமனிகளில் பரவிக்கிடக்கும் படிவுகளை அது தொடுவதே இல்லை. எல்லாத் தமனிகளையும் ஒருங்கே சென்றடைவது மருந்துதான். ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மருந்து எல்டிஎல்லைக் குறைப்பதோடு படிவின் உறையைத் தடிப்பாக்கி நிலைப்படுத்துகிறது. உறை கிழிந்தாலும் அங்கே இரத்தம் உறையும் வாய்ப்பை ஆஸ்பிரின் குறைக்கிறது.

இது வெறும் கருத்தன்று. பெரிய ஆய்வுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2007-இல் வெளிவந்த கரேஜ் ஆய்வில், நிலையான நோயுள்ள 2,287 பேரில் ஒரு பாதிக்கு மருந்து மட்டும், மறுபாதிக்கு மருந்தோடு ஸ்டென்டும் என்று பிரித்து, ஏறக்குறைய நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். இறந்தவர்களையும் மாரடைப்பு வந்தவர்களையும் சேர்த்தால் ஸ்டென்ட் பிரிவில் 19.0 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 18.5 விழுக்காடு, வேறுபாடு இல்லை என்றே பொருள். அதில் இலேசான நோயாளிகளே இருந்தார்கள் என்று விமர்சனம் எழுந்ததால், பரிசோதனையில் இதயத் தசைக்கு மிதமான அல்லது கடுமையான இரத்த ஓட்டக் குறைவு தெரிந்த 5,179 பேரை 37 நாடுகளில், இந்தியாவையும் சேர்த்து, தேர்ந்தெடுத்து இஸ்கீமியா என்ற ஆய்வை நடத்தினார்கள். 2020-இல் வெளியான முடிவில் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்ட பிரிவில் 145 பேரும், மருந்தோடு தொடங்கிய பிரிவில் 144 பேரும் இறந்திருந்தார்கள். ஏழு ஆண்டு வரை நீட்டித்துக் கணக்கிட்டபோதும் இறப்பு விகிதம் முறையே 12.7, 13.4 விழுக்காடு என்று ஏறத்தாழச் சமமாகவே நின்றது. இதய நோயால் நேர்ந்த இறப்புகள் முதல் பிரிவில் சற்றுக் குறைவாகவும், பிற காரணங்களால் நேர்ந்தவை சற்றுக் கூடுதலாகவும் இருந்தன. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது.

இதிலிருந்து ஸ்டென்ட் வீண் என்று முடிவுகட்டுவதும் தவறு. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு அந்த ஆய்விலேயே ஸ்டென்ட் பிரிவில் வலி தெளிவாகக் குறைந்தது. ஸ்டென்ட் வைப்பதுபோல் காட்டிவிட்டு வைக்காமல் விடும் பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆர்பிட்டா-2 என்ற 2023-ஆம் ஆண்டு ஆய்வும், நெஞ்சு வலிக்கான மருந்துகளை நிறுத்தியிருந்தவர்களுக்கு ஸ்டென்ட் உண்மையாகவே வலியைக் குறைக்கிறது என்று காட்டியது. இஸ்கீமியாவில் மருந்தோடு தொடங்கியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பிற்பாடு ஸ்டென்டோ பைபாஸோ தேவைப்பட்டது. நாலில் மூவருக்குத் தேவைப்படவில்லை. இடது முதன்மைத் தமனி அடைப்பு, இறைப்புத் திறன் 35 விழுக்காட்டுக்குக் கீழே போன இதயம், மருந்துக்கு அடங்காத வலி ஆகியவை இருந்தால் கணக்கு வேறு. சர்க்கரை நோயாளிகளுக்குப் பல தமனிகளில் கடும் அடைப்பு இருந்தால் ஸ்டென்டைவிடப் பைபாஸ் மேல் என்று 2012-இல் ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் தந்தையார் இவற்றில் எதிலும் வரவில்லை. புதுச்சேரி மருத்துவரின் அணுகுமுறை எனக்குச் சரியாகவே படுகிறது. ஆஞ்சியோ படத்தை நேரில் பார்த்தவர் அவர், நான் அல்லன் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளில் "மருந்து" என்றால், குறித்த இடைவெளிகளில் அழைத்துக் கேட்டு, அளவைக் கூட்டி, இலக்கை எட்டும்வரை விடாமல் பின்தொடர்ந்த மருந்து. நம் ஊரில் மருந்து என்று நாம் சொல்வது பல வீடுகளில் முதல் மூன்று மாதம் ஒழுங்காகவும், பிறகு ஞாபகம் வரும்போது மட்டும் சாப்பிடுவதாகவும் ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட மருந்தை ஸ்டென்டோடு ஒப்பிட்ட ஆய்வு இவற்றில் எதுவும் இல்லை. உங்கள் சித்தப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள்: ஸ்டென்ட் வைத்தாலும் இதே மாத்திரைகள் உண்டு, கூடவே பொதுவாக ஆறு மாதத்துக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் ஒன்று சேரும். காப்பீட்டு அட்டை ஸ்டென்ட் செலவை ஏற்கும். மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடவைக்கும் வேலை வீட்டுக்குத்தான்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். எல்டிஎல் 55-க்குக் கீழே வர வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். இந்தியக் கொழுப்பியல் வல்லுநர்களும் இதை ஒட்டியே சொல்கிறார்கள். ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எல்டிஎல்லை ஏறக்குறையப் பாதியாக்கும். 118 என்பது 60 அளவில் வந்து நிற்கலாம். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 விழுக்காடுதான் குறையும்; எஸெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தை 10 மில்லிகிராம் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் இரத்தம் பார்த்து, இலக்குக்கு மேல் இருந்தால் இதைக் கேளுங்கள். இரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்கட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டுமே இருப்பதாகத் தெரிகிறது. இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்து இதய இறப்பைக் குறைப்பதை 2015-இலேயே காட்டிவிட்டார்கள். 2025-இல் அதன் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியிருக்கிறது. அதையும் கேட்டுப் பாருங்கள்.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் மருந்தாளுநர்

மருத்துவர் ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். மருந்துக் கடையின் இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைச் சேர்க்கிறேன்.

நாக்கடி மாத்திரையைப் பலர் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வலி வருவதோ தெருவில் நடக்கும்போது. சட்டைப் பையில் இருக்க வேண்டும். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ நேரலாம். ஐந்து நிமிடத்தில் வலி விலகாவிட்டால் மேலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சங்கடமாக இருந்தாலும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆண்மைக் குறைவுக்காகச் சில்டெனஃபில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்கும் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது, இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழும். சீட்டு இல்லாமல் அதை வாங்க வருகிறவர்கள் இதய மாத்திரை சாப்பிடுவதை எங்களிடம் சொல்வதில்லை.

நெஞ்சு வலி வராமல் தடுக்கத் தினசரி எடுக்கும் மோனோநைட்ரேட் பிற்பாடு சேர்க்கப்பட்டால், காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எழுத்துப் பிழை என்று நினைத்து இரவுக்கு மாற்றிவிடாதீர்கள். நாள் முழுவதும் உடலில் இருந்தால் அந்த மருந்து வேலை செய்வதை நிறுத்திவிடும். இரவில் இடைவெளி வேண்டும். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்துவது மிக ஆபத்து. வலி பல மடங்காகத் திரும்பி, மாரடைப்புகூட வரலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடம் தரக்கூடாது. பல் பிடுங்கவோ கண்புரை அறுவைக்கோ போனால், யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள். இதய மருத்துவர் சொன்னால் மட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி வலி மாத்திரைதான். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். இரண்டுமே இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கும். பாராசிட்டமால் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். செலவைப் பொறுத்தவரை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகள் கிடைக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. மற்றவற்றை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ பொதுப் பெயரில் வாங்கலாம். நிறுவனப் பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டது என்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அட்டையில் உள்ள மருந்தின் பெயரையும் அளவையும் பார்த்தால் போதும்.

மஞ்சக்குப்பம் மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. வலி மாத்திரை பற்றிப் படித்ததும் அப்பாவிடம் கேட்டேன்; முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் அவ்வப்போது போடுகிறாராம். இதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. இன்னொரு சந்தேகம்: கொழுப்பு மாத்திரை தொடங்கியதிலிருந்து தொடை வலிக்கிறது, இது ஈரலைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னார்கள், நிறுத்திவிடட்டுமா என்று கேட்கிறார். என்ன செய்வது? நடக்கச் சொன்னால் நெஞ்சு இறுகுமே என்று பயந்து உட்கார்ந்தே இருக்கிறார்.

பதில்: கோரிமேடு மருத்துவர்

டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள்; அடுத்த முறை அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டாட்டினை நிறுத்த வேண்டாம். தசை வலி உண்மையிலேயே சிலருக்கு வருகிறது. ஆனால் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. லண்டனில் நடந்து 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வு இதற்கு அழகான சான்று. ஸ்டாட்டின் ஒத்துவரவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு, சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் அதே உருவில் மருந்தில்லாத மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லாமல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் அவர்கள் சொன்ன தொந்தரவில் 90 விழுக்காடு மருந்தில்லாத மாத்திரையிலும் வந்திருந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. காரணம் பெரும்பாலும் மருந்தன்று என்பதே பொருள். இரண்டு தொடையும் கடுமையாக வலித்தால், வலுக்குறைந்தால், சிறுநீர் கருத்துப் போனால் உடனே காட்ட வேண்டும். சிகே என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். மற்றபடி அளவை மாற்றலாம், அடார்வாஸ்டாட்டினுக்கு மாறலாம், எஸெட்டிமைபோடு குறைந்த அளவில் தரலாம். வழி பல இருக்கின்றன. ஈரல் பாதிப்பு மிக மிக அரிது. சர்க்கரையைச் சிறிது கூட்டும் என்பது உண்மை; ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பல மடங்கு. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டின் இறப்பையே 30 விழுக்காடு குறைத்தது. நான் மருத்துவம் படித்த காலத்தில் அந்த முடிவைப் பற்றிப் பேசாத ஆசிரியர் இல்லை.

பதில்: தேவனாம்பட்டினம் ஓய்வாசிரியர்

மகளே, நடப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தந்தையாரின் இடத்தில் பல ஆண்டுகளாக இருப்பவன். எனக்கும் இரண்டு தமனிகளில் அடைப்பு, மருந்தோடுதான் இருக்கிறேன்.

எப்போது நடப்பது என்பதுதான் முக்கியம். சாப்பிட்டவுடன் நடந்தால் வலி சீக்கிரம் வரும். அதை உங்கள் தந்தையாரே கண்டிருக்கிறார். ஆகாரத்துக்கு முன்னரோ, சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்தோ நடக்கச் சொல்லுங்கள். வெள்ளிக் கடற்கரையில் காற்றை எதிர்த்து நடந்தால் எனக்கு இறுக்கம் முன்னதாகவே வரும். மணலில் கால் புதைந்தால் அதைவிட முன்னதாக. ஆகவே சாலையில்தான் நடப்பது, புறப்படும்போது மெதுவாக, பத்து நிமிடம் கழித்து வேகமாக. தொடங்கும்போது இலேசாக வந்த இறுக்கம், மெதுவாகத் தொடர்ந்தால் சில நாள் தானே விலகிவிடுவதும் உண்டு. இதை என் மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருந்ததால் பயம் விட்டது. வலி வரும் எல்லைக்குச் சற்று முன்னால் நிற்கப் பழகிவிட்டால், அந்த எல்லை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போவதைப் பார்க்கலாம். அக்கினி நட்சத்திர நாள்களில் விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். புதுச்சேரிக்கு மகன் வீட்டுக்குப் போனால் கடற்கரைச் சாலையில் காலையில் வண்டிகள் விடமாட்டார்கள். அதைவிட நல்ல நடைபாதை இந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் கட்சி. அங்கேயே, சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சொல்லி ஊற்ற வரும் உறவினரும் உண்டு. மருந்தாகக் குடிக்கும் மது என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் நம் பக்கத்துக்கு நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. மத்தி, கானாங்கெளுத்தி குழம்பு நல்லது. பொரித்தால் அந்த நன்மை போய்விடும். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இரத்த அழுத்தத்தின் பங்காளிகள். ஒரு நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை ஒரே கருவாட்டுக் குழம்பு தாண்டிவிடும். நியாயவிலைக் கடைப் பாமாயில் எங்கள் வீட்டில் விளக்குக்கு மட்டும். அதில் நிறைவுற்ற கொழுப்பு பாதிக்கு அருகில் இருக்கிறது. பண்ருட்டி முந்திரியை வறுக்காமல், உப்புப் போடாமல், ஒரு சிறு கைப்பிடி சாப்பிடலாம் என்று என் மருத்துவர் அனுமதித்திருக்கிறார். அந்தச் சிறு கைப்பிடி யாருடைய கை என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை.

மாத்திரைக்கு ஞாபகத்தை நம்பாதீர்கள். கிழமை எழுதிய டப்பா ஒன்றை வாங்கி, ஞாயிறு மாலை உங்கள் தந்தையாரையே நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் நிரப்பிக் கொடுத்தால் அது உங்கள் வேலையாகிவிடும்.

பதில்: கோரிமேடு மருத்துவர்

ஆசிரியர் ஐயா நடையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. வாரத்துக்கு 150 நிமிடம் வரை அப்படிக் கொண்டுவரலாம். தொடர்ந்து பார்ப்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லாம் இலக்கில் நின்றபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று மருத்துவரைப் பார்ப்பது போதுமானது. வலி கூடாத வரை, ஆண்டுக்கொருமுறை டிரெட்மில்லோ ஆஞ்சியோவோ எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. "முழு உடல் பரிசோதனை" விளம்பரங்களை நம்பி இதைச் செய்பவர்கள் அதிகம். ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போடுவது இதய நோயாளிகளுக்குப் பயன் தரும். நம் ஊரில் இதை யாரும் நினைப்பதே இல்லை.

நிலையான நோய் நிலை மாறுவதற்கான அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்த வலி இப்போது குளியலறைக்குப் போனாலே வருகிறது, வலி வரும் தடவைகள் கூடிக்கொண்டே போகின்றன, நீண்ட நேரம் நீடிக்கிறது என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஓய்விலோ தூக்கத்திலோ வலி வந்தாலும், வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் வந்தாலும் 108 தான். ஆட்டோ பிடித்துப் போவதில் நேரத்தை இழக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் மூச்சு வாங்கலாகவோ வாந்தியாகவோ வருவதுண்டு. வாயுத் தொந்தரவு என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கும் வழக்கம் இங்கே மிகவும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2023 முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு உடனே தரும் முதல் தவணை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்று மாதம் முழு அளவில் மருந்து எடுத்த பிறகும் அவர் விரும்பும் வேலைகளைச் செய்யவிடாமல் வலி தடுத்தால், அப்போது ஸ்டென்ட் பற்றிப் பேசுவது நியாயம். அது மருந்து தோற்றுவிட்டது என்று ஆகாது. அடுத்த சந்திப்புக்குப் போகும்போது ஆஞ்சியோ குறுந்தகடு, இப்போது எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகள், வீட்டில் எடுத்த இரத்த அழுத்தக் குறிப்பு, வலி எப்போது என்ன செய்தபோது வந்தது என்ற குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அந்தக் கடைசிக் குறிப்பை அவரே தன் கையால் எழுதினால் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.